ரொட்டித் தண்ணீர்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி நலம். இன்னொருத்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் கை வெடிப்பு எப்படி இருக்கிறது? சலவைத் தூளில் கை வைக்கும்போது கையுறை போட்டுக்கொள்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது சுண்டெலி பக்கத்திலேயே நிற்கிறாள். உன் மகளுக்குக் கண் எந்தப் பக்கம் பார்த்தாலும் காது நம் பக்கம்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ வெளிநாட்டுச் சலவை வேலைக்குக் கிளம்பிப் போன புதிதில், எல்லாக் குழந்தைகளும் செய்வதுதானே என்று விட்டுவிட்டேன். இப்போது டிபன் டப்பா போன மாதிரியே திரும்பி வருகிறது. போன வாரம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "வீட்ல என்னதான் சாப்பிடறா?" என்று கேட்டார். அன்று மாலையே டாக்டரிடம் காட்டினேன். நாக்கு, கண், வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்ல. எடைதான் குறைஞ்சிருக்கு. பிடிச்சதா செஞ்சு குடுங்க" என்றார்.

பிடித்தது என்ன என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "அம்மா ரொட்டி."

கடையில் வாங்கிக் கொடுத்தேன். விரலால் ஒரு குத்துக் குத்திவிட்டு, "இது தலையணை" என்றாள். ரொட்டியின் நடுவை மட்டும் குடைந்து தின்றுவிட்டு மேலோட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள் என்றுதானே நீ அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தாய். அந்த மாதிரி ஒரு ஓடு தட்டில் கிடந்து ரொம்ப நாளாயிற்று.

சனிக்கிழமை பீட்சா, ஞாயிறு ரொட்டி என்று இந்தச் சமையலறையில் நீ மாவு பிசையாத வாரமே கிடையாது. நானும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், கையில் புத்தகத்தோடு. நூலகத்தில் வேலை பார்ப்பவள், மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தைக்கூட விடாமல் படிப்பவள், கண் முன்னால் நடந்ததை மட்டும் படிக்கவில்லை. முறையை முழுதாக எழுதி அனுப்பு. எனக்கு வெந்நீர் வைக்கவும் முட்டை வேகவைக்கவும்தான் வரும் என்பதை மனதில் வைத்து எழுது.

நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து நீ வந்துவிடுவாய். அதுவரை நீ விட்டுப்போன எடையிலாவது இவளை வைத்திருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

பிப்ரவரி 24

என் அருமைத் தங்கச்சிக்கு,

கை பரவாயில்ல. கையுறை போட்டா உள்ள ஈரம் தங்கி இன்னும் அரிக்குது. விடுதியில பக்கத்துப் படுக்கைக்காரி ஒரு களிம்பு குடுத்திருக்கா. உன் கடைவாய்ப் பல் எப்படி இருக்கு? பல் டாக்டருக்குப் பயந்துக்கிட்டு இன்னும் கிராம்பே கடிச்சுக்கிட்டிருக்கியா?

எழுதறேன், நல்லாப் படி. மூணு கப்பு மைதா. ஒரு கப்பு வெதுவெதுப்பான தண்ணி. விரல விட்டா சுடவும் கூடாது, சில்லுன்னும் இருக்கக் கூடாது. கைக்குழந்தையக் குளிப்பாட்டற பதம். அதுல ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஈஸ்ட்டத் தூவி மூடி வை. நுரைச்சு வந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். வரலேன்னா கொட்டிடு. செத்த ஈஸ்ட் மேல மாவக் கொட்டிட்டு அப்புறம் என்னத் திட்டாத.

மாவுல உப்ப முதல்லயே கலந்துடு. ஈஸ்ட் தலையில நேரா கொட்டினா அது பொழைக்காது. வெண்ணெய் கொஞ்சம், கடைசியா. அப்புறம் பிசையணும். விரலால இல்ல, உள்ளங்கையோட அடியால. தள்ளு, மடி, திருப்பு. யார் மேலயாவது கோவம் இருந்தா அவங்கள நெனச்சுக்கோ, நல்லா வரும். மாவு கையில ஒட்டாம, கன்னம் மாதிரி ஆகும்போது நிறுத்து. ஈரத்துணி போட்டு மூடி வெச்சு, ரெண்டு மடங்கா உப்பினதும் அமுக்கிக் காத்த எடுத்துட்டு டின்னுல போடு. டின்னு விளிம்புக்கு மேல தலை தூக்கினதும் ஓவன்ல வை. பீட்சாவுக்கும் இதே மாவுதான். மெலிசா விரிச்சு, தக்காளி, சீஸ், மேல எதப் போட்டாலும் சரி.

நம்ம ஓவனுக்கு இடது பக்கம் பின்னால கோவம் ஜாஸ்தி, அங்க கருகும். பாதில டின்னத் திருப்பி வை. கதவு தானா தொறந்துக்கும், நாற்காலிய முட்டுக் குடு. வெந்ததான்னு பாக்க, அடியில தட்டு. காலி டப்பா மாதிரி சத்தம் வரணும்.

அவ்வளவுதான். எதையும் விடல.

சுண்டெலி முடிய இறுக்கிப் பின்னாத, தலைவலிக்கும் அவளுக்கு.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லைப் பற்றி இனிமேல் நீ கேட்கக் கூடாது. பிடுங்கியாயிற்று. களிம்பு உனக்குக் கேட்கிறதா?

உன் கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, வரி வரியாகப் பின்பற்றினேன். ஈஸ்ட் நுரைத்தது. மாவு கன்னம் மாதிரி ஆகவில்லை. முழங்கை மாதிரி ஆனது. அது உப்புமென்று காத்திருந்தேன். ஒரு புத்தகமே முடிந்துவிட்டது. டின்னிலிருந்து எடுத்தபோது தட்டிப் பார்க்கவே அவசியமில்லை, மேசையில் வைத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

கீழ்வீட்டுத் தையல்காரர், கருகிய வாசனைக்கு மேலே ஓடி வந்தார். ரொட்டியைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். "ஏம்மா, இத என்கிட்ட குடுத்துடு. கரெண்ட் போற நேரத்துல துணிய இஸ்திரி போட்டுக்குவேன்" என்றார். சுண்டெலி சிரித்தாள். நீ போன பிறகு அவள் வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அதற்காகவே இன்னொன்று சுடலாம் போலிருந்தது.

ஆனால் சாப்பிடவில்லை. ஒரு துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா ரொட்டி வாசன இல்ல" என்று தட்டை நகர்த்திவிட்டாள்.

நூலகத்திலிருந்து ரொட்டி பற்றிய மூன்று புத்தகங்களைத் தூக்கி வந்திருக்கிறேன். மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. நான் எங்கே தவறினேன் என்று நீயே சொல். நவம்பர் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே?

அன்புடன்,
தங்கை

மார்ச் 18

தங்கச்சி,

உன் கடிதத்தப் படிச்சு நான் சிரிச்ச சிரிப்புல, மடிச்சு வெச்ச படுக்கை விரிப்பெல்லாம் சரிஞ்சிடுச்சு. சூப்பர்வைசர் எட்டிப் பாத்துட்டுப் போறாரு. தையல்காரர்கிட்ட சொல்லு, இஸ்திரிப் பெட்டிக்கு வாடகை வேணும்னு. பல்ல எடுத்ததுக்கு வாயக் கட்டிக்கிட்டு உக்காராம கஞ்சியாவது குடி.

நீ பிசைஞ்சது பத்தல, அவ்வளவுதான். கை வலிக்குதுன்னு நிறுத்தியிருப்ப. வலிச்சதுக்கு அப்புறம்தான் பிசையவே ஆரம்பிக்கணும். அப்புறம் உன் கை எப்பவும் சில்லுன்னு இருக்கும். சின்ன வயசுல நீ தொட்டாலே எனக்குத் தூக்கிப் போடும். கைய வெந்நீர்ல கொஞ்சம் வெச்சிருந்துட்டுத் தொடு. உப்பறதுக்கு, எரியாத ஓவனுக்குள்ள வெச்சு மூடி வை. புஸ்தகத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துடு. இது படிச்சு வர்றதில்லடி. கையில வரணும். அதுக்கு நாளாகும்.

என்ன பண்றது, அவளுக்கு அம்மா ரொட்டிதான் வேணும்னா?

இங்க நாள் பூரா நீராவி. பக்கத்துல நிக்கறவ முகம் தெரியாது. வெள்ளை விரிப்பு மலை மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. ஒரு விரிப்பப் பிழிஞ்சு சுருட்டி வைக்கும்போது மாவு ஞாபகம் வரும். கை தானா தள்ளி மடிக்கும்.

நவம்பருக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீராவியில் நின்று நின்று உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. எனக்கு ஒன்றுமில்லை, தோள்பட்டை வலி மட்டும். அது உன்னால்.

வலித்த பிறகும் பிசைந்தேன். கையை வெந்நீரில் வைத்துவிட்டுத்தான் மாவைத் தொட்டேன். பாலில் பிசைந்தேன், முட்டை சேர்த்துப் பார்த்தேன். இப்போது ரொட்டி ரொட்டி மாதிரி இருக்கிறது. தலை தூக்குகிறது, நிறம் வருகிறது, தட்டினால் நீ சொன்ன சத்தம் கேட்கிறது. தையல்காரர் இரண்டு துண்டு வாங்கித் தின்றுவிட்டு, "இஸ்திரிக்கு இனி வேற வழி பாக்கணும்" என்றார்.

சுண்டெலியும் சாப்பிடுகிறாள், இரண்டு வாய். ஓரத்தைக் கடித்து, மென்று, தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு சித்தி" என்கிறாள். அவள் மரியாதையாகப் பேசுவதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "இது தலையணை" என்று தள்ளிவிட்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. போன சனிக்கிழமை பீட்சாவில் சீஸை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மாவு வட்டத்தை மடித்து என் தட்டில் வைத்தாள். "நீ ரொம்ப வேலை செஞ்சே, நீ சாப்பிடு" என்றாள். ஏழு வயது இன்னும் முடியவில்லை அவளுக்கு.

எடை இன்னும் குறைந்திருக்கிறது. பள்ளிச் சீருடையின் இடுப்பைத் தையல்காரர் இரண்டாம் முறை பிடித்துக் கொடுத்தார். டேப்பை இரண்டு தடவை வைத்து அளந்து பார்த்தார்.

அக்கா, ஒரு முறை கண்ணை மூடி யோசித்துப் பார். நீ சமையலறைக்குள் நுழைந்தது முதல் என்னென்ன செய்தாய்? உனக்குப் பழக்கமாகிப் போனதால் எழுதத் தோன்றாத ஏதாவது ஒன்று இருக்கலாம். வாசனை இல்லை என்று அவள் சொன்னது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பதிலை எதிர்பார்த்து,
தங்கை

ஏப்ரல் 25

தங்கச்சிக்கு,

சளி இல்ல. நல்லா இருக்கேன். தோளுக்கு ஒத்தடம் குடு.

யோசிச்சுப் பாத்தேன். எல்லாத்தையும்தான் எழுதிட்டேனே. இதுக்கு மேல என்ன இருக்கு? அவ எடை குறையுதுன்னு படிச்சதும் இங்க எனக்குச் சாப்பாடு எறங்கல. பால்ல முட்டை அடிச்சுக் குடு. பழம் குடு. ரொட்டிதான்னு இல்ல.

என் கையோட ருசி வேணும்னு அவ கேட்டா நான் என்ன பண்ண முடியும், இங்க இருந்துக்கிட்டு.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்டுவிட்டு உடனே விஷயத்துக்கு வருகிறேன், பொறுமை இல்லை. நாங்கள் இருவரும் நலம். இந்த முறை இருவருமே நலம்.

போன சனிக்கிழமை பீட்சாவுக்கு மேலே என்ன போடுவது என்று யோசித்தேன். நீ எதைப் போட்டாலும் சரி என்று எழுதியிருந்தாய். இவளுக்கு உருளைக்கிழங்கு பிடிக்குமே, வில்லை வில்லையாக அடுக்கலாம் என்று மூன்றை வேகவைத்தேன். வெந்ததும் பாத்திரத்தைத் தூக்கிப் போய்த் தொட்டியில் சாய்த்தேன்.

"ரொட்டித் தண்ணிய ஏன் கொட்டற?"

திரும்பிப் பார்த்தால், வாசற்படியில் நிற்கிறாள். கையில் வண்ணப் பென்சில்.

"எந்தத் தண்ணி?"

"ரொட்டித் தண்ணி. வெள்ளையா இருக்குமே. பீட்சாவுக்கு உருளைக்கிழங்கு வேக வெச்சா, அந்தத் தண்ணிய அம்மா ஜாடில ஊத்தி வெப்பாங்க. காலைல ரொட்டிக்கு அதத்தான் சுட வெச்சு ஊத்துவாங்க. நான்தான் ஜாடியப் பிடிச்சுப்பேன்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு அம்மா சொல்லலையா?"

"சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

"இத்தன நாளாவா? வீட்டுப்பாடம் ஒரு நாள் மறந்தா மட்டும் என்னத் திட்டற."

"நான் குழாய்த் தண்ணி ஊத்தறதப் பாத்தியே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"உன் ரொட்டி அப்படித்தான்னு நெனச்சேன்."

பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதை ஜாடியில் ஊற்றி, இன்னும் இரண்டு கிழங்கு வேகவைத்து நிரப்பினேன். மறுநாள் காலையில் அவள் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாவு முதல் தடவையாகக் கன்னம் மாதிரி ஆனது. ஓவனிலிருந்து வந்த வாசனையில் எனக்கே உன் நினைவு வந்து, சமையலறையில் இல்லாத உன்னைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடம் தின்றும் எனக்குத் தெரியாமல் போனது, இவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அக்கா, அவள் முழு ரொட்டியையும் மடியில் வைத்துக் குடைந்தாள். ஓடு மட்டும் தட்டில் கிடந்தது. அதைத் தூக்கிப் போட மனம் வராமல் மாலை வரை மேசையிலேயே வைத்திருந்தேன்.

பழக்கத்தில் செய்வது என்பதால் உனக்கு எழுதத் தோன்றியிருக்காது. நீ மறந்தது நல்லதுதான், உன் மகளே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

மகிழ்ச்சியுடன்,
தங்கை

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? சும்மா கேட்கவில்லை. என் போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. தபாலில் தொலைந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் ஞாயிறன்று போனில் நான் ரொட்டிப் பேச்சை எடுத்ததும், "அவளுக்கு ஷூ பத்துதா?" என்று கேட்டாய். பத்துகிறது என்றேன். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். அதற்கு முந்தின ஞாயிறும் யாரோ கூப்பிட்டார்கள்.

நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா?

சுண்டெலி நன்றாகச் சாப்பிடுகிறாள். பள்ளிக்கும் அந்த ரொட்டிதான் கொண்டுபோகிறாள். டீச்சர் என்னைப் பார்த்து, "என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டார். சீருடையின் இடுப்பைத் தையல்காரர் பிரித்துவிட்டார். இன்னும் ஒன்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். வேண்டாம், அது அவ்வளவு முக்கியமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

ஜூலை 15

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. கடிதம் தொலையவில்லை. வந்தது.

இங்கே ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிப்பதாகச் சொல்கிறார்கள். செப்டம்பர் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அங்கே வந்தால் எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று உனக்கே தெரியும். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், படிக்கிறாள், உன்னோடு ஒட்டிக்கொண்டாள். நான் வந்து புதிதாக என்ன செய்துவிடப் போகிறேன்?

நீ இருப்பதால் எனக்குக் கவலை இல்லை. உன் சம்மதத்தை எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இவ்வளவு சுத்தமான எழுத்துத் தமிழில் எனக்கு எழுதியதே இல்லை. பேசுகிற மாதிரிதான் எழுதுவாய், திட்டும்போதுகூட. உன் கடிதத்தைப் படித்ததும் நீ நலமாக இல்லை என்று தெரிந்துவிட்டது.

தெரிந்தும் பதில் எழுதவில்லை. ஜூலையிலேயே வந்த கடிதத்தை ஒரு புத்தகத்துக்குள் வைத்து, அந்தப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. இன்னும் இரண்டு வருடம் இவள் என்னோடு இருப்பாள் என்று கணக்குப் போட்டது மனம். போனமுறை எழுதாமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன். மருந்துக் கடைக்காரர் பொட்டலத்தை இவளிடம் நீட்டி, "அம்மாகிட்ட குடு பாப்பா" என்றார். இவள் என்னிடம் கொடுத்தாள். இவளும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. வீடு வரும் வரை நான் வேறெதையும் நினைக்கவில்லை.

அதனால் உன் கேள்விக்கு நான் சுலபமாகச் "சரி" என்று எழுதியிருக்கலாம். இரண்டு தடவை எழுதவும் செய்தேன்.

மூன்று வாரம் முன்பு போனில் நீ அவளிடம் என்ன கேட்டாய்? நீ கேட்டதாக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சித்தி பண்ற ரொட்டியே நல்லா இருக்காமே, அப்போ அம்மா வராட்டியும் பரவாயில்லல்ல?" நீ விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாய். அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள், உனக்கு நினைவிருக்கும்.

அடுத்த ஞாயிறு காலையில் ஜாடியைத் திறந்தால் காலி. குளிர்பெட்டியில் கவிழ்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஜாடி கழுவித் துடைத்து வைத்திருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் அதே. கேட்டேன்.

"கொட்டிட்டேன்."

"ஏம்மா?"

"நீ அம்மா ரொட்டிய செஞ்சுட்டா, அப்புறம் அம்மா எதுக்கு வரணும்?"

அழவெல்லாம் இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். அதன் பிறகு உருளைக்கிழங்கு வெந்ததும் நாற்காலியைப் போட்டு ஏறி, நான் தொடுவதற்கு முன்னால் தானே சாய்த்துவிட்டாள். சூடு பட்டுவிடும் என்று நான் வேகவைப்பதையே நிறுத்திவிட்டேன். டிபன் டப்பா மறுபடியும் போன மாதிரியே திரும்பி வருகிறது.

நீ மறந்திருப்பாய் என்று மே மாதம் எழுதியிருந்தேன். அவள் முடியை இறுக்கிப் பின்னினால் தலைவலிக்கும் என்பதைக்கூட மறக்காதவள் நீ. அந்தத் தண்ணீரைப் பற்றி நான் இனி உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன். அம்மாவும் மகளும் ஒரே ஜாடியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் எனக்குப் புரிகிறது.

என் சம்மதத்தைக் கேட்டாய். நான் சம்மதிக்கவில்லை, அக்கா. வந்துவிடு.

தங்கை

செப்டம்பர் 12

தங்கச்சி,

கையெழுத்துப் போடல. சூப்பர்வைசர் ரெண்டு தடவ கூப்பிட்டுக் கேட்டாரு, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரி, பைத்தியமான்னு கேட்டா. இருக்கும்னு சொன்னேன். அங்க வந்து என்ன பண்ணப் போறேன்னு எனக்கு இன்னும் தெரியல. பயமாத்தான் இருக்கு. நவம்பர் முதல் வாரம் கிளம்பறேன்.

அவ தண்ணியக் கொட்டினா கொட்டட்டும், நீ ஒண்ணும் சொல்லாத. பாத்திரத்த மட்டும் ஆற வெச்சுக் குடு. நான் வந்து வேக வெச்சுக்கறேன்.

அந்தக் கடிதத்த எழுத உனக்கு எத்தன நாள் ஆச்சுன்னு தேதியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அதப் பத்தி நானும் கேக்க மாட்டேன்.

தோள் வலி போச்சா? என் கை உரிஞ்சு புதுத் தோல் வந்திருக்கு. இங்கேயே விட்டுட்டுப் போக வேண்டிய தோல்தான் அது.

அக்கா

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் வலி போய்விட்டது. உன் புதுத் தோலைப் பத்திரமாகக் கொண்டு வா.

நீ வருவதை அவளிடம் சொன்னேன். "நவம்பர்னா செப்டம்பருக்கு அப்புறமா, முன்னாலயா?" என்று கேட்டாள். சொன்னேன். போய் வண்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான். தையல்காரர்தான் உனக்கு ஏதோ வேலை யோசித்து வைத்திருக்கிறார். நேரில் சொல்வதாகச் சொன்னார். பெரிதாக எதிர்பார்க்காதே, அவரிடம் இருப்பது ஒரே ஒரு தையல் மிஷின்.

அலமாரியில் உன் பக்கத்தைக் காலி செய்துவிட்டேன். என் புத்தகங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். இந்த வேலையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

போன ஞாயிறு காலை, நான் படித்துக்கொண்டிருந்தபோது சுண்டெலி வந்து புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

"ரொட்டி செய்."

"தண்ணி இல்லையே. நீதான் கொட்டிட்டியே."

"அது அம்மா ரொட்டிக்கு. நீ உன் ரொட்டி செய். குழாய்த் தண்ணி ரொட்டி."

"அதுதான் உனக்குப் பிடிக்காதே?"

"இப்ப பசிக்குது" என்றாள்.

செய்தேன். நாற்காலியை ஓவன் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெந்ததும் தட்டிப் பார்த்தது அவள்தான். இந்த ரொட்டியை அவள் குடையவில்லை, அக்கா. ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே வந்தாள், ஓட்டோடு. தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதுவரை உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. ரொட்டி முறையைத் தவிர. இப்போது ஒன்று கேட்கிறேன். நீ வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை உன்னுடையது. வாரத்தில் வேறொரு நாள், எந்த நாளாக இருந்தாலும் சரி, அந்தத் தண்ணீர் ஊற்றாத ரொட்டியை நான் சுட்டுக்கொள்ளலாமா?

இதற்குத் தபாலில் பதில் எழுதாதே. வந்து சொல்.

உன் தங்கை